ரூ. 25 பங்கும் ஒரு பாடமும்

தென்காசியை அடுத்த செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று தாமும் உயிர் துறந்தார். நெல்லைச் சீமையில் ஆங்கில ஆட்சிமீது அத்துணை வெறுப்பு மூண்டது எங்ஙனம்?

1906-இல் வ. உ. சிதம்பரனார் ரூ. 25 பங்குகள் திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. வணிகப் போட்டியை மக்கள் பொறுத்தனர். ஆனால் அரசே ஒரு பக்கம் சாய்ந்தது. மேடைப் பேச்சைக் குற்றமாக்கி, 1908 மார்ச் 12-இல் அவரைச் சிறைப்படுத்தியது. அன்று தூத்துக்குடியில் சப்-கலெக்டராயிருந்தவர் ஆஷ். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். நடுநிலை தவறிய அரசே வெறுப்பை விதைத்தது.

அங்கத்தினர்களே! தனி வியாபாரி நூலையோ உரத்தையோ சில நாள் மலிவாய்த் தந்தால், நம் சங்கத்தைக் கைவிடலாமா? அன்று அரசு பகை. இன்று நம் சோர்வே பகை.