கிணற்று மோட்டாரும் லாஜிக் கேட்டும்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் லாஜிக் கேட் பாடத்தைப் பல ஆண்டுகள் ஒரே மாதிரிதான் நடத்தினேன். கரும்பலகையில் இரண்டு உள்ளீடுகள், நான்கு வரிசை உண்மை அட்டவணை. மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள். மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் பணியாற்றியபோது கடைசி வரிசை மாணவன் ஒருவன் கேட்டான்: "கிணத்துல தண்ணியில்லாம ஓடி எங்க மோட்டாரு காயில் போயிருச்சுங்க சார். இதை வெச்சு அதைத் தடுக்க முடியுங்களா?"

அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன்.

படி 1: விதியைச் சொல்லுதல்

மோட்டார் எப்போது ஓட வேண்டும்? மும்முனை மின்சாரம் வர வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். தொட்டி நிரம்பியிருக்கக் கூடாது. மூன்றையும் மாணவர்களே சொன்னார்கள். மூன்றும் சேர வேண்டும் என்பது 'ஆண்ட்'. 'நிரம்பவில்லை' என்பது 'நாட்'. அட்டவணையில் 8 வரிசைகள். ஒன்றில் மட்டுமே வெளியீடு 1.

படி 2: கட்டுதல்

தேவையானவை: பிரெட்போர்டு, 7408 (ஆண்ட்), 7404 (நாட்) சில்லுகள், மூன்று சுவிட்சுகள், எல்இடி, 330 ஓம் மின்தடை, 5 வோல்ட் மின்சாரம். சில்லின் 14ஆம் காலுக்கு 5 வோல்ட். 7ஆம் கால் தரை. எல்இடி எரிந்தால் மோட்டார் ஓடுவதாகப் பொருள். உண்மையான மோட்டாரை இணைக்கவே கூடாது.

ஒரு கவனம்: சுவிட்சை அணைக்கும்போது உள்ளீட்டுக் கால் தரையோடு இணைய வேண்டும். அந்தரத்தில் விட்டால் இவ்வகைச் சில்லு அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும். முதல் முறை நானே இதில் ஏமாந்தேன்.

படி 3: விதியை மாற்றுதல்

"தொட்டி நிரம்பினாலும் வால்வைத் திறந்து வாழைக்கு நேரா பாய்ச்சலாமுங்களே?" என்றான் இன்னொருவன். இப்போது 4 உள்ளீடுகள், 16 வரிசைகள். மூன்றில் வெளியீடு 1. 7432 (ஆர்) சில்லும் தேவைப்பட்டது. கம்பிகளைப் பிடுங்கி மாற்றுவதற்குள் பாடவேளை முடிந்தது.

இந்தச் சிரமத்துக்குத்தான் நிரல்படுத்தும் லாஜிக் சில்லுகள் வந்தன. பிஏஎல் வகை 1978இலும், எஃப்பிஜிஏ 1985இலும் சந்தைக்கு வந்தன. பிஏஎல் சில்லுக்குள் ஆண்ட் கேட்டுகளும் ஆர் கேட்டுகளும் தயாராக இருக்கும். எந்த இணைப்பு வேண்டும் என்பதை மட்டும் நாம் நிரலில் எழுதுகிறோம். நம் புதிய விதி அதற்குள் அப்படியே அடங்கும்:

மின்சாரம், தண்ணீர், தொட்டி நிரம்பவில்லை: ஓர் ஆண்ட்.
மின்சாரம், தண்ணீர், வால்வு திறப்பு: இன்னோர் ஆண்ட்.
இரண்டையும் சேர்க்க ஓர் ஆர்.

"தறியில அட்டையை மாத்துற மாதிரிங்களா சார்?" என்றாள் சிறுமுகை நெசவாளர் வீட்டு மாணவி. அதேதான். ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. தறி ஒன்றுதான், அட்டை மாறினால் புடவையின் டிசைன் மாறும். அவள் சொன்ன பிறகு நான் விளக்க அதிகம் இருக்கவில்லை.

சில்லு வாங்க வசதி இல்லையெனில் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் லாஜிசிம் என்ற இலவச மென்பொருள் போதும். அட்டவணையை நிரப்பினால் சுற்றை அதுவே வரைந்து காட்டும்.

எரிந்த காயிலை இந்தப் பாடம் சரிசெய்யவில்லை. ஆனால் முதலில் கேள்வி கேட்ட மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தான்: "எங்கள் ஸ்டார்ட்டர் மின்சாரத்தை மட்டும் பார்க்கிறது. தண்ணீரைப் பார்க்கும் இரண்டாவது உள்ளீடு இல்லை." அட்டவணையை அவன் மனப்பாடம் செய்யவில்லை, புரிந்துகொண்டான். உங்கள் வகுப்பிலும் பிள்ளைகளின் வீட்டிலுள்ள ஒரு விதியிலிருந்து இப்பாடத்தைத் தொடங்கிப் பாருங்கள்.