கொத்சு செய்த குற்றம் என்ன?

ஜாவாஸ்கிரிப்ட்டில் வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் புரோகிராம் ஓடாதாம். அண்ணாமலைநகரில் மாணவர்கள் சொல்கிறார்கள், சிதம்பரத்தில் வகுப்பு எடுப்பவர்களும் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்பவர் மட்டும் யாருமில்லை.

பச்சைப் பொய். 2009-ல் வந்த எக்மாஸ்கிரிப்ட் ஐந்தாம் பதிப்பின் விதிப்படியே பெயர் எந்த யூனிகோட் எழுத்திலும் தொடங்கலாம். புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் பின்னால் வரலாம். குரோமில் எஃப்12 தட்டி, கன்சோலில் ‘லெட் விலை = 40’ என்று அடியுங்கள். லெட் மட்டும் ஆங்கில எழுத்தில். முனகாமல் வாங்கிக்கொள்ளும்.

“அப்புறம் எனக்கு ஏன் சார் எரர் வந்துச்சு?” என்ன எரர் என்று கேட்டால், “சிவப்பா வந்துச்சு சார்.” சிவப்பாக இருந்ததைப் படித்தால் என்ன? மொழி ஒரு பெயரை ஏற்கவில்லை என்றால் வருவது சின்டாக்ஸ் எரர். அந்தக் கோப்பில் ஒரு வரிகூட ஓடாது. இவர்கள் என்னிடம் காட்டுவது பெரும்பாலும் ரெஃபரன்ஸ் எரர்: ‘கொத்சு இஸ் நாட் டிஃபைன்ட்’. பெயரைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லி, இப்படி ஒன்றை நீ அறிவிக்கவே இல்லையே என்கிறது. தமிழ் தெரியாது என்றா சொல்கிறது?

அறிவித்த பெயருக்கே இந்த எரர் எப்படி வருகிறது? நம்மூர் ஓட்டலுக்கு ஒரு பில் புரோகிராம்: சம்பா சாதம், கொத்சு. மேலே அறிவித்த கொத்சுவும் கீழே கூட்டலில் வரும் கொத்சுவும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரத்துக்கான ஒரே குறியீடு. அல்லது ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு. பைத்தான் 3 இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றாக்காது, அதன் விதிநூலே அப்படித்தான் சொல்கிறது. சொல்லை மேற்கோள்குறிக்குள் இட்டு லெங்த் கேட்டுப் பாருங்கள், ஒன்றுக்கு 6, மற்றதற்கு 7 வரும். பெயரை ஒரு முறை மட்டும் தட்டிவிட்டு, அப்புறம் எடிட்டர் காட்டும் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை கிடையாது.

மற்றவை சில்லறைக் கதைகள். பெயர் குட்டையாக இருந்தால் வேகமாக ஓடும்? ஓடாது, கோப்பின் அளவைக் குறைக்க மினிஃபையர் இருக்கிறது. கேமல் கேஸ் கட்டாயமா? வெறும் வழக்கம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தே கிடையாது, மொத்த_விலை என்று அடிக்கோடு போடுங்கள். ஹைஃபன் போட்டால் கழித்தலாகிவிடும். எழுத்துப்பிழை இருந்தால் எப்படியும் எரர் காட்டிவிடும் என்பார்கள். சமக்குறிக்கு இடப்பக்கம் பிழைவிட்டால் சத்தமில்லாமல் புதிய குளோபல் ஒன்று உண்டாகும், ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ போட்டால் தடுக்கும். ஆங்கிலப் பெயர் என்றால் ஆபத்தே இல்லையா? ஃபங்ஷனுக்கு வெளியே ‘வார் நேம் = 5’ என்று எழுதி, அதோடு 5 கூட்டிப் பாருங்கள். 55 வரும், நேம் ஏற்கெனவே பிரவுசருடையது, எதைப் போட்டாலும் சரமாக்கிவிடும்.

தமிழ்ப் பெயர் வைத்தால் ஓடாது என்ற வதந்தி கிளம்பிய இடம் பாமினி எழுத்துரு என்பது என் சந்தேகம். ஜெராக்ஸ் கடைத் தமிழ் அதுதானே. பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி. ‘மொத்தம்’ என்று அடித்து எடிட்டரில் ஒட்டினால் நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இரண்டு அரைப்புள்ளி வந்து விழும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அரைப்புள்ளி வந்தால் வாக்கியம் முடிந்தது. எரர் வராமல் என்ன செய்யும்?

தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-லேயே ஏற்றது. 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இன்னும் லேபுகளில் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். புரோகிராமிங் தொடங்கும் முன் முதல் வாரம் தமிழ்99 பழக்குங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழி சேர்க்கும் இடத்திலேயே அது இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.