ஐந்தாம் பிரிவின் வினைச்சொல்

கேள்வி: ‘மெயின்டெயின்’ என்ற ஆங்கில வினைச்சொல்லின் மூலம் என்ன? எந்தெந்தப் பொருளில் அதைப் பயன்படுத்துவது சரி?
வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: இலத்தீனில் ‘மனுஸ்’ என்றால் கை, ‘தெனேரே’ என்றால் பிடித்தல். கையில் பிடித்து வைத்திருத்தல் என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று அதற்கு முக்கியமாக நான்கு பொருள்கள். வீதியையும் இயந்திரத்தையும் பழுதுபடாமல் வைத்திருப்பது ஒன்று. வேகம், ஒழுங்கு, உறவு ஆகியவற்றைக் குலையாமல் தொடர்வது மற்றொன்று. மனைவி பிள்ளைகளுக்குச் செலவு கொடுத்துக் காப்பதும் இதுவே. இலங்கை நீதிமன்றங்களில் அதைத் தாபரிப்பு என்பார்கள். மறுப்பு வந்தபோதும் ஒரு கருத்தை விடாமல் சாதிப்பது நான்காவது. வெறுமனே ‘சொன்னார்’ என்னும் இடத்தில் இதைப் போடக் கூடாது. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் ‘மெயின்டெயின் பண்ணு’ என்பதற்கு, ஒன்றும் நடக்காததுபோல் சமாளி என்று பொருள். அது ஆங்கிலேயருக்குத் தெரியாத ஐந்தாவது பொருள்!

இந்த வினையை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் கண்டியில் நெடுங்காலத் தகராறு ஒன்று நடந்திருக்கிறது. 1815 மார்ச் 2 ஆம் திகதி மகுல் மடுவையில் வாசிக்கப்பட்ட, ஆங்கிலேயர் கண்டிப் பிரதானிகளோடு செய்த கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, பௌத்த சமயத்தின் சடங்குகள், குருமார், வழிபாட்டிடங்கள் எல்லாம் ‘மெயின்டெயின்’ செய்யப்பட்டுப் பாதுகாக்கப்படும் என்று உறுதியளித்தது. அரசன் செய்துவந்த அனைத்தையும் இனி ஆங்கில அரசு செய்யும் என்றே பிரதானிகள் எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அரசும் அப்படித்தான் நடந்தது: மகாநாயக்கர்களை நியமித்தது, பெரஹரா ஊர்வலத்துக்குப் பணம் கொடுத்தது. 1818 கிளர்ச்சிக்குப் பின் புத்தரின் தந்ததாதுவே ஆங்கில அதிகாரிகளின் காவலுக்கு வந்தது. மகாவம்சத்தை ஆங்கிலமாக்கிய ஜோர்ஜ் டேர்னர் பல ஆண்டுகள் அதன் பொறுப்பாளராக இருந்தார். கையில் பிடித்து வைத்திருத்தல் என்ற இலத்தீன் மூலப்பொருள் எழுத்துக்கு எழுத்து பலித்த இடம் இது.

மிஷனரிமாருக்கு இது பொறுக்கவில்லை. கிறிஸ்தவ அரசு ‘விக்கிரக வழிபாட்டுக்கு’ச் செலவு செய்வதா என்று வெஸ்லியன் பாதிரியார் ஸ்பென்ஸ் ஹார்டி 1839 இல் நூல் எழுதிக் கண்டித்தார். தடுக்காமல் விட்டிருந்தாலே வாக்கு நிறைவேறிவிடும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். ஆனால் அவ்வளவுதான் கருத்தென்றால் பாதுகாப்பு என்ற மற்றச் சொல்லே போதும். ‘மெயின்டெயின்’ என்ற வினைக்கு அங்கே வேலையில்லை. நியாயம் பிரதானிகள் பக்கமே இருந்தது. இருந்தும் 1847 இல் அரசு ஒதுங்கிக்கொண்டு, தந்ததாதுவை அதன் கோயில் நிர்வாகியான தியவதன நிலமேயிடமும் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்கர்களிடமும் ஒப்படைத்தது. கண்டியர் இதை வாக்கு மீறலாகக் கண்டார்கள். மறுவருடக் கிளர்ச்சிக்குப் புதிய வரிகளே பெரிய காரணமென்றாலும், இந்தக் கசப்பும் அதில் கலந்திருந்தது.

1972 குடியரசு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியபோது, அரசின் கடமையைக் குறிக்க அதன் ஆங்கில வாசகம் ‘புரொடெக்ட்’, ‘ஃபொஸ்டர்’ என்ற இரு வினைகளைக் கையாண்டது. ‘மெயின்டெயின்’ அதில் இடம்பெறவில்லை.