தினசரி காலண்டரை வைத்து நிலாவின் தூரத்தைக் கணக்கிடுவது எப்படி?

நிலா பூமியைச் சுற்றிவரும் பாதை நீள்வட்டம். சராசரித் தூரம் 3,84,400 கி.மீ. என்றாலும், சில நாள் 3,57,000 கி.மீ. வரை நெருங்கும், சில நாள் 4,06,000 கி.மீ.யைத் தாண்டி விலகும். இந்த ஏற்ற இறக்கத்தை ஆண்டு முழுவதும் பின்தொடர ஒரு தினசரி காலண்டர் போதும்.

காரணம் எளிது. நிலா அருகில் இருக்கும்போது வேகமாக நகரும். தள்ளிப்போனால் மெதுவாக நகரும். பஞ்சாங்கம் வான்வட்டத்தை 27 நட்சத்திரங்களாகச் சமமாகப் பிரிக்கிறது. ஒரு நட்சத்திரத்தைக் கடக்க நிலாவுக்குச் சராசரியாக 24.3 மணி நேரம் ஆகும். மிக அருகில் வரும்போது சுமார் 21 மணி நேரத்தில் கடந்துவிடும். மிகத் தொலைவில் 27 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும்.

1. காலண்டரைத் தேர்ந்தெடுங்கள். திருக்கணித முறையில் கணித்தது நல்லது. வாக்கியப் பஞ்சாங்கமும் 248 நாள் சுழற்சியில் நிலாவின் வேக மாற்றத்தைக் கணக்கில் கொள்கிறது. ஆனால் சூரியனின் ஈர்ப்பால் வரும் திருத்தங்கள் திருக்கணிதத்தில்தான் முழுமையாக இருக்கும்.

2. முடியும் நேரங்களைக் குறித்து வாருங்கள். ஒரு மாதத்துக்குத் தினமும் நட்சத்திரம் முடியும் நேரத்தை நோட்டில் எழுதுங்கள். "நாள் முழுவதும்" என்றிருந்தால் முடியும் நேரம் அடுத்த தாளில் இருக்கும். "அதிகாலை 3.12 வரை" என்றிருந்தால் அது மறுநாள் தேதியின் அதிகாலை, பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. பலர் தவறுவது இங்கேதான்.

3. கழித்துப் பாருங்கள். பூசம் திங்கள் மாலை 6.10க்கும், ஆயில்யம் செவ்வாய் பிற்பகல் 3.20க்கும் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயில்யத்தின் நீளம் 21 மணி 10 நிமிடம், அதாவது 21.17 மணி.

4. தூரமாக மாற்றுங்கள். அந்த நீளத்தை 24.3ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 3,84,400ஆல் பெருக்குங்கள். மேற்சொன்ன ஆயில்யத்துக்கு சுமார் 3,58,800 கி.மீ. கிடைக்கும். இது தோராயம்தான், ஆனால் நிலா அன்று அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பதில் சந்தேகம் இராது.

5. ஆண்டு முழுவதும் தொடருங்கள். மிகக் குட்டையான நட்சத்திரம் சராசரியாக 27.5 நாளுக்கு ஒருமுறை வரும். அந்த நாளின் பிறையையும் பக்கத்தில் எழுதுங்கள். நெருக்கம் எல்லா மாதமும் ஒரே அளவில் இராது. அது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி விழுந்தால் தூரம் 3,57,000 கி.மீ. வரை இறங்கும், அஷ்டமியை ஒட்டி விழுந்தால் 3,70,000 கி.மீ. அளவோடு நின்றுவிடும். பாதையின் நீள அச்சு சூரியனை நோக்கும்போது சூரியனின் ஈர்ப்பு அந்த நீள்வட்டத்தை இன்னும் நீட்டுவதே காரணம். தொலைவு எல்லை அவ்வளவாக மாறாது: 4,04,000 முதல் 4,06,700 கி.மீ. வரை.

6. கேமராவால் சரிபாருங்கள். குட்டையான நட்சத்திரம் பௌர்ணமியோடு சேரும் இரவில், நிலா நன்றாக மேலேறிய பிறகு படமெடுங்கள். அதிலிருந்து ஏழாவது பௌர்ணமியில், அதே கேமரா, அதே ஜூம், ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொரு படம். இரண்டின் விட்டத்தையும் அளந்தால் முதலாவது 14 விழுக்காடு வரை பெரிதாக இருக்கும். அடிவானத்தில் பெரிதாகத் தெரியும் நிலாவை நம்பாதீர்கள். அது கண்ணின் மயக்கம். உச்சியில் இருப்பதைவிட அப்போது அது நமக்கு ஏறக்குறைய 6,000 கி.மீ. கூடுதல் தூரத்தில் இருக்கிறது.

நெருங்கிய பௌர்ணமி ஒன்றைக் குறித்துவிட்டால், பதினான்காவது பௌர்ணமி மறுபடி நெருங்கியதாக இருக்கும். 14 பௌர்ணமிகளும் நிலாவின் 15 நெருக்கங்களும் ஏறத்தாழ ஒரே 413 நாளில் முடிகின்றன. அடுத்த ஆண்டின் பெரிய நிலாவை, செய்திகளில் வருவதற்கு முன்பே உங்கள் நோட்டு சொல்லிவிடும்.