என் வரைபடம் வரைவது எப்படி?

வரைபடம்னா திசை, அளவை, குறியீடு மூன்றும் வேண்டும் என்று புவியியலில் படித்தோம். நம்மைப் பற்றி நாமே வரையும் படத்துக்கும் இவை உண்டு.

திசை: என் படத்தில் கிழக்குதான் மேலே. கடலைப் பார்த்து நின்னாதான் எனக்கு ஊர் புரியும். (ஐரோப்பாவின் பழங்கால வரைபடங்கள் பலவற்றிலும் கிழக்கு மேலேதான்!)

அளவை: கிலோமீட்டர் இல்லை. அதிகம் போகிற இடம் பெரிசு, போகாத இடம் சிறிசு. அதனால் எங்க குழாயடி துறைமுகத்தைவிடப் பெரிசா இருக்கு.

குறியீடு நம் இஷ்டம். எங்க ஆயா கழிமுகத்துத் தண்ணியில் உட்கார்ந்து, ஓலைப்பறியைப் பல்லில் கடிச்சுக்கிட்டு, கையால் தடவி இறால் பிடிக்கும். அந்த இடங்களைக் கேட்டுக் கேட்டு ஏழு பறி வரைந்தேன். நாலு இடத்தில் இப்போ சாம்பல் சேறுதான், இறால் இல்லை. அந்த நாலையும் அழிக்கவில்லை, புள்ளிக்கோட்டில் விட்டிருக்கேன்.

காரணம் இருக்கு. கொசஸ்தலையாறு கடலில் சேருகிற எண்ணூர் கழிமுகம், 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் பாதுகாக்க வேண்டிய நீர்ப்பரப்பு. 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கிடைத்த இன்னொரு அரசு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம்! தண்ணி அங்கேயேதான் ஓடுது. படத்தில் இல்லைன்னா, அங்கே மண் கொட்டலாம் என்பவருக்கு வசதி. மீனவர்கள்தான் விடாமல் கேள்வி கேட்டாங்க.

வரைய சார்ட் பேப்பர் வேண்டாம். பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். முதலில் வீட்டுப் பெரியவங்ககிட்ட இடப்பெயர்களைக் கேட்டு எழுதிக்கோங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி