பல்லா, லத்தியா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படித்தேன். அம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். பல் மருத்துவ உதவியாளர் படிப்பு, குற்றவியல் பட்டயம் இரண்டில் எதில் சேரலாம்?
- வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: குற்றவியலை முதலில் முடித்துவிடுவோம். காக்கிச் சட்டைக்கு அந்தப் பட்டயம் தேவையே இல்லை. இரண்டாம் நிலைக் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. சார்பு ஆய்வாளருக்கு ஏதாவதொரு பட்டம். மற்றதெல்லாம் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வும் ஓட்டமும்தான். விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

பல் சமாச்சாரம் வேறு. கருவிகளைக் கிருமி நீக்குவது, டாக்டர் பல் அடைக்கும்போது எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது போன்ற உதவியாளர் வேலையைப் பல கிளினிக்குகளில் ஆளைச் சேர்த்துக்கொண்டே பழக்கிவிடுகிறார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணமா? ஆனால் பற்களைச் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட், செயற்கைப் பல் செய்யும் டென்டல் மெக்கானிக் இரண்டும் 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டமே தனிப் பதிவேடு வகுத்த தொழில்கள், இரண்டாண்டுப் படிப்பு. உயிரியல் படித்த உங்களுக்கு முதலாவது பொருந்தும் என்பது என் கட்சி.

சேருமுன், “முடித்தால் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு கிடைக்குமா?” என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரியுங்கள். 2023 முதல் போடியிலிருந்தே சென்னைக்கு நேர் ரயில் இருக்கிறது.