நியூயார்க்கின் சமுதாயத் தோட்டங்களில் வசந்தம்

நியூயார்க் நகரில் குளிர்காலத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் சமுதாயத் தோட்டங்களின் கதவுகள் ஏப்ரல் பிறந்ததும் திறக்கத் தொடங்குகின்றன. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது, நகரப் பூங்காத் துறையின் கிரீன்தம்ப் திட்டத்தில் உள்ள தோட்டங்களுக்கு உரிமத்தோடு சேர்ந்து வரும் நிபந்தனை. அத்திட்டத்தில் 550க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடிலும் புரூக்ளினிலும் பிராங்ஸிலும் அவை நெருக்கமாக அமைந்திருப்பதால், ஒரு பகல் நேர நடையில் நாலைந்து தோட்டங்களைப் பார்த்துவிடலாம்.

அந்த நெருக்கத்துக்குக் காரணம் உண்டு. 1970களில் நகரம் நிதி நெருக்கடியில் மூழ்கியிருந்தபோது, இந்தப் பகுதிகளில் உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் காலிமனைகளாயின. குப்பை மேடாகிப்போன அந்த மனைகளை அக்கம்பக்கத்தாரே சுத்தம் செய்து பயிரிட்டார்கள். 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் தம் நண்பர்களோடு பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் முனையில் ஒரு மனையைத் தோட்டமாக்கினார். ‘கிரீன் கெரில்லாஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்தக் குழுவினர், வேலிக்குள் நுழைய முடியாத மனைகளில் விதையும் உரமும் கலந்த உருண்டைகளை எறிந்து முளைக்கவைத்தார்கள். அடுத்த ஆண்டே நகர நிர்வாகம் பவரி மனையை மாதம் 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. கிரீன்தம்ப் திட்டம் வந்தது 1978இல். ஆனாலும் நிலம் நகரத்தின் சொத்தாகவே இருந்தது. 1999இல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தபோது போராட்டங்கள் வெடித்தன. நடிகை பெட் மிட்லர் தொடங்கிய நியூயார்க் ரெஸ்டரேஷன் பிராஜெக்ட்டும் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்டும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கி மீட்டன. ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் இப்படி ஒரு போராட்டம் இருப்பதை அறிந்துகொண்டு உள்ளே போகும் பார்வையாளர், தோட்டக்காரர்கள் தங்கள் இடத்தின் மேல் கொண்டிருக்கும் பிடிப்பைச் சரியாகப் புரிந்துகொள்வார்.

திறக்கும் நேரம் வேலியில் மாட்டிய பலகையில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் நெடுந்தூரம் பயணம் செய்து வருவது வீண். தன்னார்வலர்களே நடத்தும் இடங்கள் என்பதால், மழை பெய்தால் பலகையில் உள்ள நேரமும் மாறும். சனி, ஞாயிறு முற்பகல்களே நம்பகமானவை. பலகை என்ன சொன்னாலும், உள்ளே யாராவது மண் கொத்திக்கொண்டிருந்தால் வேலியருகே நின்று கேட்கலாம். பெரும்பாலும் ‘வாருங்கள்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

பூக்களுக்காகவே வருபவர் முதலில் பெரிய தோட்டங்களுக்குப் போவது நல்லது. 1910இல் நிறுவப்பட்ட புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் மக்னோலியாக்கள் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ மலர்கின்றன. செர்ரி மரங்களில் வெளிர்நிற வகைகள் முந்தியும், அடுக்கிதழ் கொண்ட கன்சான் வகை ஏப்ரல் இறுதியிலும் பூக்கின்றன. குளிர் நீடித்தால் இந்த நாள்கள் ஒரு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போகும். அதனால் பூ நிலவரத்தைத் தோட்டமே வெளியிடும் அறிவிப்பில் பார்த்துவிட்டு, வாரநாள் காலையில் போக வேண்டும். சென்ட்ரல் பார்க்கின் வடகிழக்கில், ஐந்தாம் அவென்யூவும் 105ஆம் தெருவும் சேரும் இடத்தில் 1937இல் திறக்கப்பட்ட கன்சர்வேட்டரி கார்டன் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. ஏப்ரல் பிற்பகுதியில் அங்கு டியூலிப் பாத்திகளும் நண்டு ஆப்பிள் மரங்களின் நடைபாதைகளும் சேர்ந்து பூத்திருக்கும். கூட்டம் இருந்தாலும் அமைதி குலையாது. தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் ஏப்ரலில் மஞ்சளாகத் தலையாட்டும் டாஃபோடில்கள் 2001 செப்டம்பர் தாக்குதலில் இறந்தவர்களின் நினைவாக நடத் தொடங்கியவை. அந்த இலையுதிர்காலத்தில் நெதர்லாந்திலிருந்து கிழங்குகள் நன்கொடையாக வந்தன, தன்னார்வலர்கள் நட்டார்கள். 2007இல் டாஃபோடில் நகரத்தின் அதிகாரபூர்வ மலரானது. சமுதாயத் தோட்டங்களின் வேலியோரத்திலும் இந்தக் கிழங்குகள் நிறைய உண்டு.

சமுதாயத் தோட்டத்தில் ஏப்ரலில் காணக் கிடைப்பது மண்ணும் வேலையும். மரப்பலகை அடித்த மேட்டுப்பாத்திகள் பாதி வெறுமையாக இருக்கும். சென்ற அக்டோபரில் ஊன்றிய பூண்டு மட்டும் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை காட்டும். மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளையொட்டிப் பட்டாணி விதைப்பது பழைய வழக்கம். அது கொடி வீசத் தொடங்கியிருக்கும். முள்ளங்கியும் பசலையும் லெட்டூசும் குளிர்ச்சியை விரும்புபவை என்பதால் இப்போதே முளைத்திருக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் இன்னும் வீட்டு ஜன்னலோரத்தில்தான். ஏப்ரல் நடுவிலேயே உறைபனி பெரும்பாலும் நின்றுவிட்டாலும், இரவு வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் நிலைக்கும் வரை அந்த நாற்றுகள் தேறாது. மே நடுப்பகுதியில் அன்னையர் தினம் கழிந்த பிறகே அவற்றை நடுவார்கள். ஆகவே ஒரே தோட்டத்தை ஏப்ரல் நடுவில் ஒருமுறையும் மே இறுதியில் மறுமுறையும் பார்ப்பது, பத்துத் தோட்டங்களை ஒவ்வொரு தடவை பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும். பாத்தி எப்படித் தயாராகிறது, எது முந்துகிறது, எது காத்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

மேட்டுப்பாத்தி ஏன் என்று கேட்பவருக்கு இந்நகரின் மண்ணைப் பற்றிய முக்கியமான பாடம் கிடைக்கும். தோட்டங்கள் எழுந்த மனைகளில் முன்பு நின்றவை ஈய வண்ணம் பூசிய கட்டடங்கள். வீடுகளுக்குள் ஈய வண்ணத்தை நியூயார்க் 1960இல் தடைசெய்தது. அதற்குமுன் பூசியது இடிபாடுகளோடு மண்ணில் கலந்துவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோலின் புகையும் பல்லாண்டுகள் மண்ணில் படிந்தது. அதனால் தூய மண்ணையும் மட்கு உரத்தையும் வெளியிலிருந்து கொண்டுவந்து பலகைக்குள் நிரப்புகிறார்கள். தக்காளி போன்ற காய்கள் ஈயத்தை மிகக் குறைவாகவே ஏற்கும்; கீரைக்கும் கிழங்குக்கும் ஆபத்து கூடுதல். எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது கையிலும் காற்றிலும் ஒட்டும் மண்தூசி. பாத்திக்கு வெளியே உள்ள மண்ணில் சிறு குழந்தைகளை விளையாடவிடாமல் பார்த்துக்கொள்வதும், வெளியேறியதும் கைகழுவுவதும், வீட்டு வாசலிலேயே காலணியைக் கழற்றுவதும் இங்கே கட்டாயப் பழக்கங்கள். தண்ணீர் விஷயத்திலும் தோட்டக்காரர்களின் திறமை வியக்கவைப்பது: குழாய் இணைப்பு இல்லாத தோட்டங்களில் அனுமதி பெற்று, தெருவிலுள்ள தீயணைப்புக் குழாயில் பூட்டுவாய் மாட்டி நீர் எடுக்கிறார்கள். பக்கத்துக் கூரை மழைநீரைப் பீப்பாய்களில் பிடிப்பதும் பரவலாக உண்டு. 2010இல் சட்டம் தேனீ வளர்ப்பை அனுமதித்த பிறகு பெட்டிகளும் வந்திருக்கின்றன. அவற்றின் முன்பக்கம் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

பயிர்களைப் பார்த்தே அந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். தெற்கு பிராங்ஸிலும் லோயர் ஈஸ்ட் சைடிலும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் கட்டிய ‘கசீத்தா’ என்னும் சிறு மரவீடுகள் பாத்திகளுக்கு நடுவே நிற்கும். இசையும் சீட்டாட்டமும் சமையலும் அங்கேதான். புரூக்ளினின் ஈஸ்ட் நியூயார்க் பகுதியில் 1998இல் தொடங்கிய ஈஸ்ட் நியூயார்க் ஃபார்ம்ஸ் திட்டத்தில் கரீபியரும் வங்கதேசத்தவரும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களும் சேர்ந்து பயிரிடுகிறார்கள். ஜமைக்கர்கள் ‘கல்லலூ’ என்று விரும்பி வளர்ப்பது நம் தண்டுக்கீரையின் இனமே. வங்கதேசப் பாத்திகளில் பாகல், சுரை, நீளக் காராமணிக்கு மே மாதத்தில் பந்தல் கட்டத் தொடங்குவார்கள். தமிழ்க் குடும்பத்தார் அங்கே போனால் பேச்சுக்கு விஷயம் தேட வேண்டியதில்லை. எந்த விதை இந்தக் குறுகிய கோடைக்குள் காய்க்கிறது, எது இலையோடு நின்றுவிடுகிறது என்று பல பருவங்கள் முயன்று அறிந்தவர்கள் அவர்கள்.

ஆனால் பேச்சைத் தொடங்கும் முறை ஒன்று உண்டு. குனிந்து வேலை செய்பவரிடம் நின்றபடி கேள்விகளை அடுக்குவது எரிச்சல் தரும். களை பிடுங்கட்டுமா, மட்கு உரக்கூடை தூக்கட்டுமா என்று கேட்டுச் சேர்ந்துகொண்டால் கேட்காததையும் சொல்வார்கள். பாத்திகள் பெரும்பாலும் தனித்தனி ஆளுக்குச் சொந்தம். கையெட்டும் தூரத்தில் இருந்தாலும், ஒரு இலையைக்கூடக் கேட்காமல் பறிக்கக் கூடாது. முகம் தெரியும்படி படமெடுக்கவும் அனுமதி வேண்டும். முதியவர் சிலர் தங்கள் பாத்தியைக் காட்டப் பிரியப்படுவார்கள், படத்தில் வரப் பிரியப்படமாட்டார்கள். பார்வையாளர்களை நாய்களோடு அனுமதிப்பதில்லை என்று பல தோட்டங்களில் விதி உண்டு, வாசலிலேயே எழுதியிருக்கும். வேலைநாள் அறிவிப்பு ஒட்டியிருந்தால் அன்று கையுறையோடு வருவதே சிறந்த அறிமுகம்.

பாத்தி வேண்டும் என்பவர்கள் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவைக்க வேண்டும். புகழ்பெற்ற தோட்டங்களில் அது ஆண்டுக்கணக்கில் நீளும். பட்டியலில் இருப்பவர் வேலைநாள்களுக்குத் தவறாமல் வந்தால் சாவி முன்னதாகக் கிடைப்பதும் உண்டு, சிறு பங்குப்பாத்தி ஒதுக்கப்படுவதும் உண்டு. ஒரு தோட்டத்தில் இடம் இல்லையென்றால் இரண்டு தெரு தள்ளி, பெயர் அதிகம் வெளியே தெரியாத தோட்டத்தில் கேட்பது பலனளிக்கும். ஆள் குறைந்து பாத்திகள் தரிசாகிவரும் தோட்டங்களும் இந்நகரில் இருக்கின்றன; அங்கே ஏப்ரலில் வந்து கேட்பவரைக் கையோடு மண்வெட்டி கொடுத்து வரவேற்பார்கள்.